1143-ஆம் எண் பறவையின் வலது கால்

ஜகபர் அலி தன் வாழ்நாளில் ஒரே ஒரு காலைத்தான் ஒட்டினார். அது வெளியே தெரிந்தால் போலீஸ் வரும் என்று முப்பத்தெட்டு வருஷம் பயந்துகொண்டிருந்தார். கடைசியில் வந்தது பொன்னாடை.

ஒட்டியது குருவிக் கால். ஒரு பெரிய ஊர் அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் அவர் முப்பத்தாறு வருஷம் அட்டெண்டராக இருந்தார். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது, பாடம் செய்து வைத்த பறவைகள் கிடக்கும் இழுப்பறைகளில் அந்துருண்டை போடுவது, வாசலில் பார்வையாளர் பதிவேட்டோடு உட்காருவது, இவ்வளவுதான் வேலை. பெயர், வந்த நேரம், வந்த நோக்கம், கையெழுத்து, சென்ற நேரம் என்று பதிவேட்டில் ஐந்து கட்டங்கள். ஜகபர் அலி எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனிதர். ஆனால் அந்த ஐந்து கட்டங்களும் நிரம்பாமல் ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. ஒருமுறை ஒரு மந்திரியையே நிறுத்தி, "ஐயா, வந்த நோக்கம்?" என்று கேட்டுவிட்டார். மந்திரி வெகுநேரம் யோசித்துவிட்டு, எழுத ஒன்றும் தோன்றாமல் திரும்பிப் போய்விட்டார்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு அங்கே சுவர்க்கடிகாரம் கொடுப்பது வழக்கம். அவர் ஓய்வு பெற்ற அன்று ஸ்டோரில் கடிகாரம் இல்லை. எழுதப்படாத ஒரு பார்வையாளர் பதிவேட்டைச் சந்தனமாலையோடு கையில் கொடுத்து அனுப்பினார்கள். செஞ்சியில் கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் அவருடைய வீட்டில், அது நான்கு வருஷமாக அரிசி டிரம்முக்கு மூடியாக இருந்தது. நல்ல கெட்டி அட்டை. ஒரு எலி உள்ளே போனதில்லை என்று அவர் மனைவி ஹுசைன் பீ பெருமையாகச் சொல்வாள்.

இந்த நிலையில்தான், பாடும்பறவை வகைப்பாட்டு மையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது.

மையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எந்தப் பாடும் பறவை எந்த இனம், எது எதற்குப் பங்காளி என்று தீர்ப்புச் சொல்லும் நிறுவனம் அது. முந்தைய இயக்குநர் சேர்ப்பவர். அவர் காலத்தில் பதினேழு இனங்கள் ஒன்பது ஆயின. இப்போதைய இயக்குநர் முனைவர் ராஜாங்கம் பிரிப்பவர். அந்த ஒன்பதும் இருபத்திரண்டு ஆயின. இரண்டு முறையும் பறவைகளுக்குத் தகவல் தெரிவிக்கப்படவில்லை.

அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவை மையம் எடுத்துக்கொண்ட பிறகு, பழைய பறவைகளின் கால்விரலில் துளித் தோலைச் சுரண்டி, அதன் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். 1143-ஆம் எண் பறவையில் கை வைத்தபோதுதான் ஆச்சரியம் நிகழ்ந்தது. அது 1868-இல் செஞ்சிக் கோட்டையில் ஒரு துரை சுட்டது. பார்த்தால் சாதாரணக் கருஞ்சிட்டு. கரிய உடம்பு, தோளில் வெள்ளைக் கீற்று, வாலுக்கு அடியில் செங்கல் நிறம். ஆனால் மரபணுவோ, 'நான் குண்டுகரிச்சான்' என்றது. இரண்டும் கிட்டத்துச் சொந்தம்தான், ஆனாலும் வேறு வேறு. பறவையில் ஏதோ கோளாறு என்று மையம் நினைத்திருக்கலாம். தன்னிடம் கோளாறு என்றும் நினைத்திருக்கலாம். மையம் இரண்டையும் நினைக்காமல், உலகம் இதுவரை அறியாத புது இனம் என்று முடிவு செய்தது. பெயர், செஞ்சிக் கரிச்சான். பெயர் சூட்டும் விழா செஞ்சியிலேயே நடக்கும். அந்த அரிய பறவையைப் பொன்போலக் காத்த முன்னாள் அட்டெண்டர் ஜகபர் அலி அவர்களுக்கு மேடையில் மரியாதை செய்யப்படும்.

கடிதத்தோடு ஒரு படம் இருந்தது. இழுப்பறையில் மல்லாந்து கிடக்கும் 1143. வலது காலின் மேல்முனையில், உற்றுப் பார்த்தால், ஒரு கறுப்பு நூல்.

ஜகபர் அலி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்டி செத்துப்போச்சு?" என்று ஹுசைன் பீ வந்தாள்.

"அந்தக் கால் நான் ஒட்டினது."

"எந்தக் கால்?"

சொன்னார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், அடைமழை. இழுப்பறையில் வண்டு புகுந்து 1143-இன் வலது காலைத் தின்றுவிட்டது. அந்த இழுப்பறை, செல்லப்பன் என்ற மூத்த அட்டெண்டரின் பொறுப்பு. செல்லப்பன் ஓய்வு பெற இன்னும் மூன்று மாசம். அப்போதிருந்த அதிகாரி, ஓர் இறகு உதிர்ந்தாலே மெமோ கொடுக்கிறவர். செல்லப்பன் காலில்லாத பறவையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கென்று ஒரு குண்டுகரிச்சான் ஜன்னல் கண்ணாடியில் மோதிச் செத்து விழுந்தது. ஜகபர் அலி அதன் வலது காலை எடுத்து, நூலால் கட்டி, பிசின் தடவி ஒட்டினார். இரண்டுக்கும் கறுப்புக் கால்தான். கொஞ்சம் நீளம் கூட, அவ்வளவுதான். மிச்ச உடம்பை வேப்பமரத்தடியில் குழிதோண்டிப் புதைத்தார். செல்லப்பன் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார். அவரும் மண்ணுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது.

ஹுசைன் பீ கடைசிவரை கேட்டாள்.

"நல்லதுக்குதான் பண்ணீங்க. அதுக்காக அது தப்பு இல்லன்னு ஆயிடாது. போய்ச் சொல்லிட்டு வாங்க. நாளைக்கு அங்க கேக்குறதுக்கு முந்தி இங்க சொல்லிடணும்" என்று, 'அங்க'வுக்கு மட்டும் விரலை வானத்துக்குக் காட்டினாள்.

மறுநாளே கிளம்பினார். வண்டி இருந்தது, ஹெல்மெட் இல்லை. இருந்தது, ஆனால் வாசல் சுவர் ஆணியில் தலைகீழாகத் தொங்கிய அதற்குள் ஒரு கருஞ்சிட்டு ஜோடி கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்திருந்தது. போன வாரம்தான் போலீஸ்காரர் மறித்து, "ஹெல்மெட் எங்க பாய்?" என்று கேட்க, "முட்டை வெச்சிருக்குது சார்" என்று இவர் உண்மையைச் சொல்லி, அபராதத்தோடு ஓர் அறிவுரையும் வாங்கியிருந்தார். அதனால் எதிர்வீட்டுக் கோவிந்தசாமியின் ஷேர் ஆட்டோவில் ஏறினார். அவலூர்பேட்டை வழியில் ஓடுகிற ஆட்டோ அது.

ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. 'செஞ்சிக் கரிச்சானே, வருக வருக!' ராஜாங்கத்தின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. பறவை அவருடைய சட்டைப் பொத்தான் அளவு.

கோவிந்தசாமி வண்டியை மெதுவாக்கிப் படித்தான். "இன்னா பாய் இது? நம்மளப் பிரிச்சது பத்தாதுன்னு குருவிய வேற பிரிக்கிறானுங்களா? பாவம், இனி அதுவும் சர்டிபிகேட் வாங்கத் தாலுகா ஆபீஸ் அலையணும்."

விழாவுக்காக வந்திருந்த மையத்தின் முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தது. அலுவலகம் 'மணமகள் அறை'யில், இயக்குநர் 'மணமகன் அறை'யில். மணமகள் அறையில் மணிமொழி என்ற ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தாள். எதிரே கலர் கலராகப் படிவங்கள்.

"பாராட்டுன்னா மஞ்சள் சார். புதுசா பறவை பாத்திருந்தா நீலம். ஆட்சேபணைன்னா பச்சை."

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. அதச் சொல்லணும். அதுக்கு இன்னா கலரு?"

மணிமொழி மேசை முழுக்கத் தேடினாள். கீழ் டிராயரிலும் தேடினாள். "அது இல்ல சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பச்சையிலேயே எழுதிப் பார்த்தார்கள். அதில் 'யார் மீது ஆட்சேபணை' என்று ஒரு கட்டம். ஜகபர் அலி தன் பெயரையே சொன்னார். மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே ஆளாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காதாம். மூன்று முறை முயன்றார்கள். மூன்று முறையும் சிவப்பு எழுத்து வந்தது. மணிமொழி பேனாவை மூடி வைத்துவிட்டு, "வாயால சொல்லுங்க சார், நான் கேக்கிறேன்" என்றாள். அந்தக் கட்டடத்தில் அன்று நடந்த முதல் உருப்படியான காரியம் அதுதான். கேட்கக் கேட்க அவள் கண் விரிந்தது. கேட்டு முடித்ததும் எழுந்து, அவரை மணமகன் அறைக்கு அழைத்துப் போனாள்.

ராஜாங்கம் தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார், பக்கத்தில் உட்கார வைத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க அந்தக் காலை ஒட்டினதா எந்த ரெஜிஸ்டர்ல இருக்கு?"

"இல்ல சார். யாருக்கும் சொல்லாமதான் ஒட்டினேன்."

"அப்ப நீங்க ஒட்டல."

"ஒட்டினேன் சார். இந்தக் கையாலதான்."

"பாய், பதிவு இல்லாத வேலை நடக்காத வேலை. இது என் கருத்து இல்லை. மையத்தோட கையேடு, பக்கம் நாற்பது."

ஜகபர் அலி தயங்கித் தயங்கி, "இடது கால் பழைய கால்தான் சார். அதுல ஒரு துளி எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார்.

மணிமொழி தலையை ஆட்டினாள். ராஜாங்கம் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

"வலது கால் மரபணுப் பிரிவு. இடது கால் பாதுகாப்புப் பிரிவு. இடது காலைத் தொடணும்னா நான் அவங்களுக்கு எழுதணும். எழுதினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா, எனக்குச் சந்தேகம்னு ஆகும். எனக்குச் சந்தேகம்னா மையத்துக்கே சந்தேகம்னு ஆகும். மையத்துக்கே சந்தேகம்னா அப்புறம் பறவைகளோட கதி என்ன ஆகிறது? அதுங்க யாரை நம்பி இருக்கு?"

ஜகபர் அலி, எப்படியாவது புரியவைக்க வேண்டுமே என்ற தவிப்பில், நல்ல மனிதர்கள் செய்கிற தவறைச் செய்தார். உதவி செய்யப் போனார்.

"சார், செஞ்சியில இருக்கிறது சாதாரணக் கருஞ்சிட்டுதான். எங்க வீட்டு ஹெல்மெட்டுலயே கூடு கட்டியிருக்குது. ஜோடியா இருக்குது, மூணு குஞ்சு. நீங்களே வந்து பாருங்க."

ராஜாங்கம் மெல்ல எழுந்து நின்றார்.

"ஜோடியா? குஞ்சோடயா? மணிமொழி, சேகரிப்புக் குழுவுக்குச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை காலையில."

'சேகரிப்பு' என்றால் என்ன என்று ஜகபர் அலிக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் அந்த இழுப்பறைகளுக்குத்தான் அந்துருண்டை போட்டிருக்கிறார்.

"ஒரு இறகு போதும் சார்" என்றாள் மணிமொழி. "ஒரு துளி ரத்தம் போதும். எடுத்துட்டு விட்டுடலாம்."

"விட்டுட்டா அது பறந்துடும். பறக்கிற பறவையை எப்படி ஆதாரமா வைக்கிறது? நாளைக்கு வேற மாதிரி நடந்துக்கிட்டா? ஒரு இனம் இருக்குன்னு நிரூபிக்கணும்னா, அது இழுப்பறையில இருக்கணும். இருக்கு, ஆனா வெளியே இருக்குங்கிறதை விஞ்ஞானம் ஏத்துக்காது."

"குஞ்சுங்க, சார்?" என்றார் ஜகபர் அலி.

"குஞ்சுக்கு வேற இழுப்பறை இருக்கு. கவலைப்படாதீங்க."

சனிக்கிழமை விழா. மண்டபம் நிறையக் கல்லூரிப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். வருகைப்பதிவு உண்டு என்று சொல்லியிருந்ததால் யாரும் நழுவவில்லை. பின்வரிசையில் கோவிந்தசாமி, ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

ராஜாங்கம் பேசினார். "அன்பார்ந்த செஞ்சிப் பெருமக்களே! இந்தப் பறவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, தான் யாரென்றே தெரியாமல் வாழ்ந்திருக்கிறது. தன்னைக் கருஞ்சிட்டு என்றே எண்ணி, கருஞ்சிட்டு போலவே பாடி, கருஞ்சிட்டுகளோடு குடும்பம் நடத்தி வந்திருக்கிறது. அதன் அறியாமையை மையம் இன்று போக்கியது. ஒரு சான்று சொல்கிறேன். இதன் வலது கால், இடது காலைவிட ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். ஏன்? செஞ்சி என்றாலே பாறை. பாறை என்றாலே சரிவு. சரிவில் நிமிர்ந்து நிற்பதற்காகவே இயற்கை இதற்கு ஒரு காலை நீட்டிக் கொடுத்திருக்கிறது!"

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து கோவிந்தசாமியின் குரல் கேட்டது. "அப்ப அந்தப் பக்கமா திரும்பி நின்னா விழுந்துடாதா சார்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ராஜாங்கம் சிரிக்கவில்லை. "அருமையான கேள்வி. அதற்குத் தனி ஆய்வுத் திட்டம் தயாராகிறது" என்றார்.

பிறகு ஜகபர் அலியை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். அந்தக் கால் நான் ஒட்டினது. குண்டுகரிச்சான் கால். வண்டு தின்னுட்டதால ஒட்டினேன். அப்டி ஒரு புதுப் பறவை கிடையாது. அந்த ஜோடிய விட்டுடுங்க."

ராஜாங்கம் ஒலிபெருக்கியை மென்மையாக வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பார்த்தீர்களா? இதுதான் தன்னடக்கம். தான் காத்த பொக்கிஷத்தையே 'ஒன்றுமில்லை' என்கிறார். இப்படிப்பட்ட ஊழியர்களால்தான் மையம் நிற்கிறது!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜகபர் அலி "இல்ல சார், இல்ல சார்" என்று கையை ஆட்ட ஆட்ட, கைதட்டல் அதிகமாயிற்று. இரண்டாவது பொன்னாடையும் விழுந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் கொடியில் போட்டார். அவருடைய வாழ்நாளில், பாவத்தை ஒப்புக்கொண்டவருக்குப் படைத்தவன் தண்டனை தருவான் அல்லது மன்னிப்பு தருவான் என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். கைதட்டுவதைப் பற்றி எந்த உஸ்தாதும் சொல்லித் தந்ததில்லை.

ஹெல்மெட்டில் குஞ்சுகள் கீச்சிட்டன. பெண்குருவி வாயில் புழுவோடு வந்து, இவரைப் பார்த்துப் பயப்படாமல் உள்ளே போயிற்று. காட்டிக்கொடுத்தது இவர்தான் என்று அதற்குத் தெரியாது.

"இன்னா பண்ணப்போறீங்க?" என்றாள் ஹுசைன் பீ.

"தெரியல."

"ரெண்டு பொன்னாடைய வெச்சுக்கினு தெரியலன்னா? சாப்ட வாங்க." அரிசி எடுக்க டிரம்மின் மூடியைத் தூக்கினாள்.

ஜகபர் அலி அந்த மூடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று ஜீப்புகள் வந்தன. ஏணி, வலை, பஞ்சு, புட்டி, பெயர்ச்சீட்டு கட்டிய குட்டி குட்டிப் பைகள். பைகளின் எண்ணிக்கை ஐந்து. ராஜாங்கம் முதல் ஜீப்பிலிருந்து இறங்கினார். பின்னால் ஏழு பேர். மணிமொழி கடைசியாக, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினாள். வலையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் தேவேந்திரன். முப்பது வருஷம் வலைபோட்டு உள்ளங்கை காய்த்தவன், விடியற்காலையிலேயே அனந்தபுரம் ஏரியில் நின்றுவிட்டு வந்திருந்தான்.

வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் ஜகபர் அலி, பழைய காக்கிச் சட்டையில். மேசைமேல் பார்வையாளர் பதிவேடு. இரவோடு இரவாகத் தவிட்டைத் தட்டி, கட்டம் போட்டு வைத்திருந்தார். அவர் தலைக்குமேல் ஆணியில் ஹெல்மெட்.

"வணக்கம் சார். கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வாங்க."

ராஜாங்கம் சிரித்தார். "வீட்டுக்கு எதுக்கு பாய் ரெஜிஸ்டர்?"

"பழக்கம் சார். முப்பத்தாறு வருஷப் பழக்கம். இது என் வீட்டு வாசல். எழுதாம யாரையும் விட்டதில்ல."

ராஜாங்கம் பேனாவை எடுத்து, பெயர் எழுதினார், நேரம் எழுதினார். அடுத்த கட்டத்தில் 'சேகரிப்பு' என்று எழுதப் போனார். ஜகபர் அலி கையை நீட்டிக் கட்டத்தை மூடினார்.

"புரியிற மாதிரி எழுதுங்க சார். இத என் பொஞ்சாதி படிப்பா. பேத்திங்க படிப்பாங்க. 'ரெண்டு குருவியையும் கண்ணு தொறக்காத மூணு குஞ்சையும் கொல்ல வந்தேன்'னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுடுங்க. நான் நாற்காலிய நகத்திக்கிறேன்."

ராஜாங்கத்தின் பேனா காற்றில் நின்றது.

"அது... அப்படி எழுதற வழக்கம் இல்லை."

"வேற எதுக்கு வந்தீங்க சார்?"

"எங்ககிட்ட மூணு அமைச்சகத்தோட அனுமதி இருக்கு பாய்!"

"அந்த அனுமதியில 'கொல்ல'ன்னு போட்டிருக்குதா சார்?"

ராஜாங்கம் அனுமதிக் காகிதத்தைப் புரட்டினார். இல்லை. பின்னால் நின்றவரைப் பார்த்து, "நீங்க எழுதுங்க" என்றார். அவர் துணை இயக்குநர். "நான் பொறுப்பு மட்டும்தான் சார், அதிகாரம் இல்லை" என்று அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் ஒப்பந்த ஊழியர், கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்றார். அதற்கடுத்தவருக்குத் திடீரென்று போன் வந்தது. ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பேனாவைத் தேளைப் போலக் கைமாற்றினார்கள். மையத்தில் பறவையைக் கொல்லத் துணிந்தவர்கள் நிறையப் பேர். அதற்குத் தன் கையால் பெயர் போடத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. பேனா மணிமொழியிடம் வந்தது. அவள் அதை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள்.

ராஜாங்கம் முகம் சிவந்தார். "கையெழுத்து இல்லாமலே நாங்க எடுப்போம்!"

ஜகபர் அலி எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"கையெழுத்து இல்லன்னா நீங்க வரவேயில்ல சார். வராதவங்க எப்டி எடுப்பீங்க? பதிவு இல்லாத வேலை நடக்காத வேலை. நான் சொல்லல, பக்கம் நாப்பது."

எதிர்வீட்டிலிருந்து கோவிந்தசாமி, "ஆமா சார், நானும் படிச்சேன், பக்கம் நாப்பது" என்று ஒரு போடு போட்டான். அவன் கையேட்டைக் கண்ணால் கண்டதில்லை. தெருவே கூடியிருந்தது. இரண்டு செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

ராஜாங்கம் கடைசி அஸ்திரமாக, "தேவேந்திரா, வலையைப் போடு!" என்றார்.

தேவேந்திரன் வலையை அவிழ்க்கக் குனிந்தான். அப்போது ஹுசைன் பீ கையில் டம்ளரோடு வெளியே வந்தாள்.

"யப்பா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. தூங்கினியா இல்லியா? சாப்டியா?"

"இல்லம்மா" என்றான் தேவேந்திரன். முப்பது வருஷத்தில் வலையோடு போன எந்த வாசலிலும் அவனை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

"இந்தா, மொதல்ல டீயக் குடி. அப்பறம் இன்னா வேணாலும் பண்ணு."

அவன் டம்ளரை வாங்கினான். ஒரு வாய் குடித்தான். மேலே பார்த்தான். ஹெல்மெட் விளிம்பில் மூன்று மஞ்சள் வாய்கள் திறந்து திறந்து மூடின. இன்னொரு வாய் குடித்தான். பிறகு வலையை மறுபடி சுருட்டிச் சுவரோரம் சாத்தினான். மேசைக்கு வந்து, மணிமொழியிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, காய்ப்பேறிய விரலால் எழுத்துக்கூட்டி எழுதினான். பெயர், தேவேந்திரன். வந்த நோக்கம், டீ குடிக்க. கையெழுத்தும் போட்டான்.

"இவரு மட்டும் உள்ள வரலாம்" என்றார் ஜகபர் அலி.

ஜீப்புகள் காலியான ஐந்து பைகளோடு திரும்பிப் போயின. ராஜாங்கம் போகும்போது தன் பெயரை அடிக்கச் சொன்னார். ஜகபர் அலி அடித்துக் கொடுத்தார், அளவுகோல் வைத்து, நேராக.

அடுத்த பதினோரு நாள் யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக விளிம்பில் ஏறி, தயங்கி, விழுவது போலப் பறந்து, பக்கத்துப் பாறையில் போய் உட்கார்ந்தன. சரிவான பாறை. ஒன்றும் விழவில்லை.

அன்று மாலை மணிமொழி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது காலில் துளித் தோலை அவளே, ஒருவரையும் கேட்காமல், எடுத்துச் சோதித்துவிட்டாளாம். சாதாரணக் கருஞ்சிட்டு. அறிக்கையைக் கொடுத்ததும் மூன்று நாள் கூட்டம் நடந்ததாம்.

"ஒத்துக்கிட்டாங்களாம்மா?"

"இல்ல சார். 1143 இனிமே ரெண்டு பறவைன்னு முடிவு பண்ணிட்டாங்க. இடது கால் வரைக்கும் கருஞ்சிட்டு. வலது கால் செஞ்சிக் கரிச்சான். அதுல செஞ்சிக் கரிச்சான் நேர்ல கிடைக்காததால, அது அழிஞ்சுபோன இனம்னு அறிவிச்சாச்சு. கிடைக்காததுக்குக் காரணம், உள்ளூர் மக்களோட விழிப்புணர்வு இன்மை." சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு அவள் சொன்னாள். "என்னைக் காட்சிப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. அந்துருண்டை போடற வேலை."

"நல்ல வேலைம்மா" என்றார் ஜகபர் அலி மனதார. "வண்டு வந்தா, யார் மேலயும் பழி போடாம எழுதி வெச்சுடு."

பதிவேட்டை எடுத்து வந்தார். மணிமொழி வந்த நேரத்தை எழுதினாள். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சொல்லுங்க சார், நான் எழுதறேன்" என்றாள். அவர் சொல்லச் சொல்ல, கட்டத்தைத் தாண்டிப் பக்கம் முழுக்க எழுதினாள். அடைமழை, வண்டு, செல்லப்பனின் அழுகை, கண்ணாடியில் மோதிய குண்டுகரிச்சான், கறுப்பு நூல், பிசின், வேப்பமரம். கீழே ஜகபர் அலி கையெழுத்துப் போட்டார். சாட்சி என்று அவள் போட்டாள். முப்பத்தெட்டு வருஷம் மனதில் கிடந்து, எந்த அலுவலகமும் வாங்க மறுத்தது, அரிசித் தவிடு ஒட்டிய ஒரு பக்கத்தில் இறங்கியது. ஹுசைன் பீ மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்தாள்.

அந்த மாதக் கடைசியில், அழிந்துபோன செஞ்சிக் கரிச்சானுக்காக நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று மையம் கேட்டுக்கொண்டது. செஞ்சி மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். கோவிந்தசாமிகூட ஆட்டோவை அணைத்துவிட்டு நின்றான். பாறைமேலிருந்த ஐந்து பேர் மட்டும் அதைக் கடைப்பிடிக்கவில்லை.